கோத்தகிரியில் எடுக்கும் ரத்தம், கோவையில் பார்க்கும் மெஷின்: பி.என்.பி.யா, என்.டி. புரோ பி.என்.பி.யா?

நாள்பட்ட இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு வருங்காலம் எப்படி இருக்கும் என்று கணிக்க டாக்டர்கள் முதலில் கேட்பது பி.என்.பி., என்.டி. புரோ பி.என்.பி. (சுருக்கமாக என்.டி. புரோ) என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகளில் ஒன்றைத்தான். இதய அறையின் சுவர் இழுபடும்போது தசை சுரக்கும் ஒரே புரதம் இரண்டாக வெட்டுப்பட்டு வரும் துண்டுகள் இவை. பிறப்பு ஒன்று, குணம் வேறு.

பி.என்.பி. உடம்புக்குள் சுமார் 20 நிமிடத்தில் பாதியாகிவிடும். டியூபுக்குள் வந்த பிறகும் சிதைவது நிற்காது. ரத்தம் உறையாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ. கலந்த, ஊதா மூடி போட்ட பிளாஸ்டிக் டியூபில்தான் எடுக்க வேண்டும், கண்ணாடி ஆகாது. நாலு மணி நேரத்துக்குள் மெஷினில் ஏற்ற வேண்டும். முடியாவிட்டால் பிளாஸ்மாவை (அணுக்கள் நீங்கிய ரத்த நீர்) பிரித்து உறையவைத்து அனுப்ப வேண்டும். காலை எட்டு மணிக்குக் கோத்தகிரியில் எடுத்த ரத்தம் அப்படியே மேட்டுப்பாளையம் இறங்கி, சாயங்காலம் கோவை லேபில் ஏறினால் எண் குறைவாகத்தான் வரும். குறைந்த எண் என்றால் நல்லது என்று நினைத்து யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், சிக்கலே அங்கேதான்.

என்.டி. புரோ அறை வெப்பத்திலேயே மூன்று நாள் தாங்கும், சீரத்திலும் (ரத்தம் உறைந்த பின் பிரியும் நீர்) பார்க்கலாம். மண் சரிந்து மலைப்பாதை ஒரு நாள் அடைபட்டாலும் சாம்பிள் வீணாகாது. இதயச் செயலிழப்புக்கான சாகுபிட்ரில்-வால்சார்டன் மாத்திரை எடுப்பவருக்கும் இதுவே சரி. பி.என்.பி.யைச் சிதைக்கும் நெப்ரிலைசின் நொதியை அந்த மருந்து தடுப்பதால், ஆள் தேறிவரும்போதே பி.என்.பி. ஏறிக் காட்டும்.

என்.டி. புரோவுக்கும் குறை உண்டு. சிறுநீரகம் மந்தமானால் பி.என்.பி.யைவிட இது அதிகமாக ஏறும். முதுமையும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற சீரற்ற இதயத் துடிப்பும் இரண்டையுமே ஏற்றும், உடல் பருமன் இரண்டையுமே இறக்கும். முடி கொட்டாமலிருக்க பயோட்டின் மாத்திரை எடுப்பவர் லேபில் சொல்லிவிடுங்கள். சில மெஷின்களில் எண் பொய்யாகக் குறையும்.

எதைத் தொடங்கினாலும் அதையே, அதே லேபில் தொடருங்கள். வெளிநோயாளிக்குச் சந்தேக எல்லை பி.என்.பி.க்கு 35, என்.டி. புரோவுக்கு 125 பிகோகிராம் (ஒரு மில்லி லிட்டருக்கு). ஆகவே போன முறை பி.என்.பி. 300, இந்த முறை என்.டி. புரோ 1,400 என்றால் பதற வேண்டியதில்லை, அளவுகோலே மாறிவிட்டது. ஒரே பரிசோதனையில் 30 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் நல்ல அறிகுறி; அதற்குக் குறைந்த ஏற்ற இறக்கம் இயல்பாகவே வரும். என்.டி. புரோ 1,000-க்குக் கீழே வந்தவர்களின் எதிர்காலம் மேல்தான். ஆனால் அந்த எண்ணைத் துரத்தி மருந்தைக் கூட்டிப் பார்த்த கைட்-ஐ.டி. ஆய்வில் (2017), வழக்கமான சிகிச்சையைவிடக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை.

வேறு ரத்தப் பரிசோதனைகளும் உண்டு. ட்ரோபோனின் இதயத் தசை சேதத்தைச் சொல்லும். எஸ்.டி.2 சிறுநீரகம் மந்தமானாலும் அவ்வளவாக அசையாது, அதனால் கிரியேட்டினின் (சிறுநீரக நிலையைக் காட்டும் எண்) ஏறியவருக்கு உதவும். கேலக்டின்-3-க்குச் செலவழிப்பது எங்கள் கணக்கில் வீண். அந்தக் காசில் சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின், ஃபெரிட்டின் (உடலின் இரும்பு இருப்பு) பாருங்கள். இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு ஃபெரிட்டின் 100-க்குக் கீழே இருந்தால், ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் இரும்புச்சத்துக் குறைவுதான். அதை ஊசி வழியாகச் சரிசெய்ய முடியும்.