வக்கீல் ஆபீஸ் இடம் மாறுகிறதா? உங்கள் வழக்குக் கட்டை உடனே கேட்டு வாங்குங்கள்

கும்பகோணத்தில் எங்கள் பாகப்பிரிவினை வழக்கை நடத்திய வக்கீல் போன மாதம் ஆபீஸை வேறு தெருவுக்கு மாற்றினார். பழைய கட்டுகளைக் கிழிக்கவில்லை, எரிக்கவில்லை. நாடாவைக்கூட அவிழ்க்காமல் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார். எதிரே டீக்கடை வைத்திருப்பவர் போன் செய்து, "தம்பி, உங்கள் அப்பா பெயர் எழுதிய கட்டு ஒன்று இங்கே கிடக்கிறது" என்று சொல்லியிராவிட்டால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

சிட்டா நகல், வில்லங்கச் சான்று போனால் போகட்டும், அவற்றை யாரும் எடுக்கலாம். அந்தக் கட்டில் அம்மா வக்கீலுக்கு எழுதிய இரண்டு பக்கக் கடிதம் இருந்தது. சமரசம் என்று வந்தால் எத்தனை மா நிலத்துக்கு ஒப்புக்கொள்வோம், எதை விட்டுக்கொடுப்போம் என்ற கணக்கு. எத்தனை மா என்று இங்கே எழுதப் போவதில்லை. எதிர்த்தரப்பான சித்தப்பா வீட்டிலும் செல்போன் இருக்கிறது. ஓரத்தில் வக்கீலே பச்சை மையில் "இன்னும் இறங்குவார்கள்" என்று குறித்திருக்கிறார். எச்சில் இலைக்கு அடியிலிருந்து எடுத்தது முதல் பக்கம் மட்டும்தான். கணக்கு இருந்த பக்கத்தைக் காணவில்லை.

கேட்கப் போனால் குமாஸ்தா, "கீழ்க்கோர்ட்டில் முடிந்த கட்டுதானே அண்ணே" என்கிறார். தஞ்சாவூரில் அப்பீல் நடக்கிறது என்பது அவருக்குத் தெரியாதா? வக்கீல் அதற்கும் ஒரு படி மேலே: "எல்லாம் கோர்ட்டில் இருக்கிற பேப்பர்தானே." அம்மாவின் கடிதம் எந்தக் கோர்ட்டுக்குப் போனது?

கட்சிக்காரர் சொன்னதை அவர் சம்மதம் இல்லாமல் வக்கீல் வெளியிடக் கூடாது என்பது 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்திலேயே இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 132-ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. வழக்கு முடிந்தாலும் அந்தக் கடமை முடிவதில்லை, குமாஸ்தாவுக்கும் அது உண்டு. ஆனால் சட்டம் கட்டுவது இவர்கள் வாயைத்தான். பழைய பேப்பர் பொறுக்குகிறவர் கையில் சிக்கிய தாளை எதிர்த்தரப்பு கோர்ட்டில் நீட்டினால், வந்த வழி சரியில்லை என்பதற்காக மட்டும் நம் நீதிமன்றங்கள் பொதுவாக ஒரு சாட்சியத்தைத் தள்ளிவிடுவதில்லை. எனக்கு வயிற்றைக் கலக்குவது இதுதான்.

வழக்கறிஞர்கள் சட்டம் 35-ஆவது பிரிவின்படி, சென்னையில் உள்ள தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன். குப்பையில் கிடந்த நிலையில் எடுத்த போட்டோக்களையும் சேர்த்திருக்கிறேன். பெயரை இங்கே எழுதாததற்குக் காரணம் அந்தப் புகார்தான், மரியாதை அல்ல.

வழக்கு முடிந்தவர்கள், வக்கீலை மாற்றியவர்கள் கட்டைத் திருப்பிக் கேட்டு ஒரு கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பீஸ் பாக்கி என்று சொல்லிக் கட்டைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருக்கிறது. பாக்கிக்கு அவர் தனியாக வழக்குப் போட்டுக்கொள்ளட்டும்.