காங்கயம் பக்கம் தச்சுப்பட்டறைல எகிப்து சவப்பெட்டி செஞ்சு வாங்குனோம் – 5க்கு 4½

எங்க பள்ளிக்கூட வரலாறு கண்காட்சிக்கு ஆளுயர எகிப்து சவப்பெட்டி வேணும்னு ரெண்டு மாசமா அலைஞ்சமுங்க. மொதல்ல ஒரு ஃபைபர் கடைல சொன்னோம், தங்கக்கலர் ஸ்ப்ரே அடிச்சு பொம்மையாட்டம் ஒண்ண குடுத்தாங்க, அட்வான்ஸும் போச்சு. துட்டன்காமுனோட உள்பெட்டி 110 கிலோ தங்கம்ங்கறது நெசந்தான், ஆனா அது ராசா வீட்டு சமாச்சாரம். மத்தவங்க பெட்டியெல்லாம் பெரும்பாலும் ஆசாரி கைவேலைங்க, எம் பசங்களுக்கு அதக் காட்டோணும்னுதான் ஆசைப்பட்டேன்.

அப்பறம் கூட வேலை பாக்கற சார் ஒருத்தரு இந்தப் பட்டறைக்கு தாட்டி விட்டாரு. காங்கயத்துல இருந்து தாராபுரம் ரோட்டுல போகோணும், போர்டெல்லாம் இல்லீங்க, வாசல்ல பழைய வண்டிச்சக்கரம் ரெண்டு சாத்தியிருக்கும், அதான் அடையாளம். பெரிய ஆசாரி மாட்டுவண்டி செஞ்ச கை. அவங்க வீட்டம்மா "சாவுப் பொட்டி பள்ளிக்கூடத்துல எதுக்குங் டீச்சர்"னு தயங்குனாங்க, ஆசாரி மட்டும் நான் காட்டுன போட்டோவ பெருசாக்கி பெருசாக்கி பாத்துட்டு "பலகை பத்தாம ஒட்டுப் போட்ட வேலை அம்மிணி இது"ன்னாரு. அப்பவே எனக்கு நம்பிக்கை வந்துருச்சு, ஏன்னா விசயமே அதுதான். எகிப்துல நீளமான நல்ல பலகைக்கு மரம் கம்மி. வசதியானவங்க லெபனான்ல இருந்து கேதுரு மரத்த கப்பல்ல எறக்குவாங்க, மத்தவங்களுக்கு உள்ளூரு அத்தி வகையும் கருவேலும். நம்ம நாட்டுக் கருவேலும் நைல் கரைக் கருவேலும் ஒரே மரந்தானுங்க, அதோட தாவரவியல் பேருலயே நிலோட்டிகான்னு நைல் இருக்குது. இதச் சொன்னதும் ஆசாரி எந்திரிச்சு போயி மூலைல கெடந்த வண்டிக் கருவேலங்கட்டைய இழுத்துட்டு வந்தாரு.

ஒரு துண்டு கூட ரெண்டடிக்கு மேல இல்ல. ரெண்டு பலகை விளிம்புலயும் பள்ளம் எடுத்து, நடுவுல தனியா ஒரு நாக்குக்கட்டை சொருகி, குறுக்கால மர ஆணி அடிச்சாரு, இரும்பே கெடையாது. முடிச்சு விழுந்த எடத்த வெட்டிட்டு அதே அளவுக்கு சில்லு வெச்சு அடைச்சாரு. 4000 வருசம் முந்தி அந்த ஊரு ஆசாரிங்களும் இப்படித்தான் செஞ்சாங்க. மேல சுண்ணாம்புப்பொடியும் வச்சிரப் பசையும் கலந்த பட்டி. பட்டி பூசிட்டா ஒட்டு ஒண்ணுமே தெரியாது, அதனால ஒரு பக்கம் மட்டும் பூசாம விடச் சொன்னேன், கண்காட்சில பசங்க அதிக நேரம் நின்னது அந்தப் பக்கந்தான்.

இடது பக்கம் தலைமாட்டுல ரெண்டு கண்ணு வரையோணும். பொணத்த இடது பக்கமா ஒருக்களிச்சு, கிழக்க பாக்கறாப்ல படுக்க வெப்பாங்க, அந்தக் கண்ணு வழியா சூரியன் எந்திரிக்கறத பாக்கறதுக்கு. ஆசாரி சித்த நேரம் கையால கணக்குப் போட்டுட்டு "அப்ப தலை வடக்கயாங்க?"ன்னாரு. ஆமாங்க, வடக்கதான். நாம படுக்கவே கூடாதுன்னு சொல்ற தெசை.

வார்னிஷ் காயறதுக்குள்ள தூக்குனதுல மூடி ஓரத்துல அவரு பேரனோட வெரல் ரேகை பதிஞ்சிருச்சு. தேச்சுடறேன்னாங்க, வேண்டவே வேண்டாம்னுட்டேன். கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் மியூசியத்துல நெஸ்பவெர்ஷெஃபித்ங்கற பழைய எகிப்துக்காரரோட உள்பெட்டி மூடில, ஈரம் காயும் முன்ன தொட்ட ஒரு தொழிலாளியோட வெரல் ரேகை 3000 வருசமா அப்படியே இருக்குது. அந்த ஆளு பேரு யாருக்கும் தெரியாது. இதச் சொன்னப்ப எட்டாம் வகுப்பு புள்ள ஒண்ணு நம்ம மூடில அந்த ரேகை மேல தன் வெரல வெச்சுப் பாத்துச்சு, எனக்கு கண்ணு கலங்கிருச்சுங்க.

அரை மார்க் கொறைச்சதுக்கு காரணம், சொன்ன தேதிக்கு 6 நாள் லேட். மூடி ஒரு முனைல லேசா தூக்குச்சு, ஆனா போன் பண்ணுன மறுநாளே வந்து இழைச்சுக் குடுத்தாங்க, காசு வாங்கல. மொத்தம் 18,000, டெம்போ வாடகை தனி.

இப்ப ஈரோட்டுல ஒரு பள்ளிக்கூடத்துல பெட்டிய கேக்கறாங்க. பெட்டில எழுதியிருக்கற பேரு மேல பட்டி பூசி வேற பேரு எழுதித் தர 1,500 ஆகும்ங்கறாரு ஆசாரி. எகிப்துலயும் 21ஆவது ராச வம்ச காலத்துல, அதாவது சுமார் 3000 வருசம் முந்தி, மரத்துக்கு திண்டாட்டம் வந்தப்ப பழைய பெட்டிய எடுத்து, மேல பூசி, பேர மாத்தித்தான் அடுத்தவங்கள வெச்சாங்க. நான் சரின்னுட்டேன், ஒட்டுத் தெரியற அந்தப் பக்கத்தையும் வெரல் ரேகையையும் மட்டும் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன்.

போறவங்க காலைல பத்து மணிக்குள்ள போங்க, போட்டோ கையில இருக்கட்டும், அளவ அடிக்கணக்குல எழுதிட்டுப் போங்க.