பாசித் தொழிலுக்குக் காப்புரிமை எழுதித் தரும் முகவர்: ராமநாதபுரம் சேவை ஒன்றின் மதிப்பீடு

மண்டபம் முதல் தொண்டி வரை பாசியை வைத்துப் பொருள் செய்பவர்களுக்குக் காப்புரிமை விண்ணப்பம் எழுதித் தருகிறார் இந்த முகவர். எம்.எஸ்சி. வேதியியல், வக்கீல் அல்ல. இந்த வேலைக்கு அறிவியல் அல்லது பொறியியல் பட்டமும் முகவர் தேர்வுத் தேர்ச்சியும் போதும்.

காசு கொடுப்பதற்கு முதல் சந்திப்பு ஒன்றே காரணம். "கஞ்சிப்பாசியைக் காரத்தில் வேகவைத்தால் அகர் (பாசியிலிருந்து எடுக்கும் ஜெல் பொருள்) கெட்டியாக நிற்கிறது" என்று சொன்னால் விடமாட்டார். சோடியம் ஹைட்ராக்சைடு எத்தனை சதவீதம், எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம், கழுவியபின் பிஎச் என்ன? ஜெல் வலிமையை அளந்தது 1.5 சதவீதக் கரைசலிலா, 20 டிகிரியிலா? காரம் போடாத அதே பாசியின் அளவு எங்கே? அந்த ஒப்பீடு வராமல் கோப்பைத் தொடுவதில்லை. சரிதான். காரம் சல்பேட்டை நீக்கி ஜெல்லை இறுக்கும் என்பது பழைய சங்கதி, அதற்கு மேல் உங்களிடம் என்ன இருக்கிறது என்றுதான் காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் கேட்பார். முழு விவரக்குறிப்பை (கண்டுபிடிப்பை விளக்கும் ஆவணம்) கொடுத்தபின் புது விவரம் நுழைக்கக் காப்புரிமைச் சட்டத்தின் 59ஆம் பிரிவு இடம் தராது.

பாசிச் சாறும் மீன் அமிலமும் கலந்த உரம் என்றால் அதே சட்டத்தின் 3(e) பிரிவு குறுக்கே நிற்கும், வெறும் கலவைக்கு உரிமை கிடையாது. சாறு தனியாக, மீன் அமிலம் தனியாக, இரண்டும் சேர்த்து என மூன்று பாத்தி முடிவு கேட்கிறார். பெப்சி பாசியை (கப்பாஃபைகஸ்) பச்சையாகப் பிழிந்து, சாற்றை உரத்துக்கும் சக்கையைக் கராஜீனன் என்ற ஜெல் பொருளுக்கும் எடுக்கும் முறையோடு வந்தால் முதல் நாளே திருப்பி அனுப்பிவிடுவார். மத்திய உப்பு, கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் (சிஎஸ்எம்சிஆர்ஐ) எப்போதோ காப்புரிமை வாங்கிய வழி அது.

குறைகளும் உண்டு. மரிக்கொழுந்து போன்ற நம் கடல் பாசி என்றால் தேசியப் பல்லுயிர் ஆணைய (நம் நாட்டு உயிரின வளங்களின் பயன்பாட்டைக் கவனிக்கும் அமைப்பு) வேலையும் இருக்கிறது. அதைக் கடைசியில்தான் எடுக்கிறார், முதலிலேயே கேளுங்கள். நினைவூட்டல் வாட்ஸ்அப்பில் மட்டும். தற்காலிக விண்ணப்பம் போட்டால் 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு, முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து 31 மாதத்துக்குள் படிவம் 18 (பரிசோதனை கேட்கும் மனு). இரண்டையும் நீங்களே குறித்து வையுங்கள், தவறினால் விண்ணப்பம் போச்சு. தனிநபருக்கு ஆன்லைனில் அரசுக் கட்டணம் 1,600 ரூபாய், பரிசோதனைக்கு 4,000. அவர் கூலி தனி ரசீது. கோரிக்கைகளை (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வரிகள்) நீட்டி எழுதுவார், பத்தைத் தாண்டினால் ஒவ்வொன்றுக்கும் கூடுதல் கட்டணம்.

விவரக்குறிப்பை அவர் ஆங்கிலத்தில்தான் எழுதுவார். கையெழுத்துக்கு முன் முதல் கோரிக்கையைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பாசியின் எடை ஈரத்திலா, உலர்ந்த பிறகா என்பது அதில் இல்லாவிட்டால் கார விகிதத்துக்கு அர்த்தமே கிடையாது.