ஆல்ஃபா என்று லேபிள் ஒட்டி பீட்டாவைத் தருகிறார்கள்: ஆய்வகத்தார் கவனத்துக்கு

ஆவாரம்பூ, சிறுகுறிஞ்சான் என்று எந்த மூலிகைச் சாற்றை எடுத்தாலும், சர்க்கரை நோய்க்கு உதவுமா என்று பார்க்க நம் கல்லூரி ஆய்வகங்களில் முதலில் செய்வது ஆல்ஃபா-குளுக்கோசிடேஸ் சோதனைதான்: மாவுச்சத்தைக் குளுக்கோஸாக உடைக்கும் அந்த என்சைமைச் சாறு தடுக்கிறதா என்று பார்ப்பது. அதற்கான சப்ஸ்ட்ரேட்டான (என்சைம் வெட்டும் பொருளான) பி.என்.பி.ஜி.யை, அதாவது பாரா-நைட்ரோபினைல் ஆல்ஃபா-டி-குளுக்கோபைரனோசைடை, டீலர் மூலம் வாங்குபவர்கள் இதைப் படித்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

எங்கள் துறையில் வழக்கம்போல மூன்று கொட்டேஷன் வாங்கி, குறைந்த விலை சொன்னவருக்கு ஆர்டர் போனது. வந்தது ஒரு சின்ன ஆம்பர் குப்பி. தயாரிப்பாளரின் சீல் இல்லை. லேபிள் பிரிண்டரில் அடித்து ஒட்டியது. மைனஸ் 20 டிகிரியில் வைக்க வேண்டிய பொருள், ஐஸ் பேக் கூட இல்லாமல் சாதாரணக் கூரியரில் வந்திருந்தது.

பி.என்.பி.ஜி. வெள்ளையாக இருக்க வேண்டும். என்சைம் அதை வெட்டும்போது வெளிவரும் நைட்ரோபினால்தான், சோடியம் கார்பனேட் ஊற்றியதும் மஞ்சளாகத் தெரியும். எங்கள் பொடி திறக்கும்போதே லேசான மஞ்சள். என்சைமே சேர்க்காத பிளாங்க் குழாயில் கார்பனேட் ஊற்றினால், 405 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் 0.36 காட்டியது. நைட்ரோபினாலின் மோலார் உறிஞ்சுதிறன் சுமார் 18,000. அப்படியென்றால் 20 மைக்ரோமோலார் ஏற்கெனவே உடைந்து கிடக்கிறது. நாங்கள் போட்டது 2 மில்லிமோலார், அதில் இது ஒரு சதவீதம்.

அதை பிளாங்க்காகக் கழித்துவிட்டு வேலையை ஓட்டலாம். ஆனால் ஈஸ்ட் ஆல்ஃபா-குளுக்கோசிடேஸ் சேர்த்த பிறகும் மஞ்சள் கூடவே இல்லை. டீலரைக் கூப்பிட்டால், "உங்க என்சைம் செத்துப்போயிருக்கும் சார்" என்றார். பக்கத்துத் துறையில் கொஞ்சம் ஆல்ஃபா பி.என்.பி.ஜி. கடன் வாங்கி, அதே என்சைமை அதே பஃபரில் போட்டோம். சில நிமிடங்களில் பளிச்சென்று மஞ்சள். என்சைமில் எந்தக் குறையும் இல்லை.

அப்புறம்தான் பீட்டாவாக இருக்குமோ என்ற சந்தேகம் வந்தது. அதே அணுக்கள்தான், ஆனால் சர்க்கரைப் பிணைப்பின் திசை வேறு; ஆல்ஃபா-குளுக்கோசிடேஸ் அதை வெட்டாது, பீட்டா-குளுக்கோசிடேஸ்தான் வெட்டும். பாதாமில் பீட்டா-குளுக்கோசிடேஸ் நிறைய உண்டு. கடையில் வாங்கிய பாதாமை ஊறவைத்துத் தோலுரித்து அரைத்து, வடிகட்டிய நீரை பி.எச். 5 அசிடேட் பஃபரில் எங்கள் பொடியோடு சேர்த்தோம். கார்பனேட் விட்டதும் அடர்ந்த மஞ்சள். கடன் வாங்கிய ஆல்ஃபாவோடு சேர்த்த குழாயில் நிறமே எழவில்லை. குப்பிக்குள் இருந்தது பீட்டா.

இரண்டுக்கும் மூலக்கூறு எடை ஒன்றுதான், 301.25. அதனால் மாஸ் ஸ்பெக்ட்ரம் எடுத்தாலும் பிடிபடாது. எங்கள் சோதனையை உறுதிப்படுத்தியது அவர்கள் அனுப்பிய சி.ஓ.ஏ.தான், அதாவது பொருளோடு வரும் பகுப்பாய்வுச் சான்றிதழ். பெயர் இருக்கும் வரியில் மட்டும் எழுத்துரு மாறியிருந்தது, ஆல்ஃபா என்று. கீழே ஒளிச்சுழற்சி எண் (கரைசல் ஒளியின் தளத்தை எந்தப் பக்கம், எவ்வளவு திருப்புகிறது என்பது) மைனஸ் நூறை ஒட்டி அப்படியே இருக்கிறது. ஆல்ஃபாவுக்கு அது பிளஸ் 200க்கு மேல் இருக்க வேண்டும். லாட் எண்ணும் குப்பியில் ஒன்று, தாளில் ஒன்று. தெரியாமல் நடந்த தவறு என்று இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இதில் அடிபட்டது எங்கள் எம்.எஸ்சி. மாணவி. ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் அகார்போஸ் (இந்த என்சைமைத் தடுக்கும் சர்க்கரை நோய் மருந்து) ஸ்டாண்டர்டு கூட வராமல், தன் கைதான் சரியில்லை என்று நினைத்து அழுதிருக்கிறாள். ப்ராஜெக்ட் சமர்ப்பிக்கும் தேதி யாருக்காகவும் காத்திருக்காது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஆர்டரிலேயே கேஸ் (CAS) எண்ணை, அதாவது ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உள்ள தனி அடையாள எண்ணை, எழுதுங்கள்: ஆல்ஃபாவுக்கு 3767-28-0, பீட்டாவுக்கு 2492-87-7. தயாரிப்பாளரின் சீல் உடையாத பேக் மட்டுமே ஏற்கப்படும் என்றும் சேருங்கள். குப்பி வந்த அன்றே பிளாங்க் பாருங்கள், நல்ல என்சைமோடு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகு பில்லுக்குக் கையெழுத்துப் போட்டால் போதும்.

"திறந்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்பதுதான் டீலரின் கடைசிப் பதில். பணம் வரவில்லை. கல்லூரி கொள்முதல் குழுவுக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். இதுபோல மறுபேக் செய்த குப்பி உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள், லேபிள் படத்தையும் சி.ஓ.ஏ. நகலையும் அனுப்புகிறேன், ஒப்பிட்டுப் பார்க்கலாம்.