5ஜி ஹோம் இன்டர்நெட்டில் லைவ் டிவி: யூடியூப் டிவி தாங்கும், ஹுலு தாங்காது

வீடு ஆஸ்டினில், டிவியில் ஓடுவதோ டல்லாஸ் செய்தி. அமெரிக்காவில் கேபிளை எடுத்துவிட்டு டி-மொபைல் நிறுவனத்தின் 5ஜி ஹோம் இன்டர்நெட்டுக்கு (செல்போன் டவர் வழியே வரும் வீட்டு இணையம்) மாறி, யூடியூப் டிவி, ஹுலு போன்ற சேவைகளில் இணையம் வழியே நேரலை டிவி பார்க்கிறவர்கள் சந்திக்கும் சிக்கல் இது. கேட்வேயிலும் (டவர் சிக்னலை வாங்கி வீட்டுக்கு வைஃபை தரும் பெட்டி) பழுதில்லை, டிவியிலும் பழுதில்லை.

டவருக்குப் போன டேட்டா அங்கிருந்தே இணையத்தில் சேர்வதில்லை. நிறுவனத்தின் மையம் எந்த நகரத்தில் இருக்கிறதோ அங்கே போய், வேறு பல வாடிக்கையாளர்களோடு ஒரே பொது ஐ.பி. முகவரியை, அதாவது இணையத்தில் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணை, பகிர்ந்துகொண்டு வெளியேறுகிறது (சிஜிநாட் என்பது இதைத்தான்). டிவியில் செருகும் ரோகு, ஃபயர் ஸ்டிக் போன்ற ஸ்ட்ரீமிங் கருவிகளில் ஜி.பி.எஸ். கிடையாது, நீங்கள் எந்த ஊர் என்பதற்கு ஆப் அந்த முகவரியைத்தான் நம்பியாக வேண்டும். ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, ஃபாக்ஸ் நிலையங்களின் ஒளிபரப்பு உரிமை, டிவி பார்வையாளர்களைக் கணக்கெடுக்கும் நீல்சன் நிறுவனம் பிரித்த 210 சந்தைப் பகுதிகளை ஒட்டியது. அதனால் ஊர் தவறினால் சேனலும் மாறும், வட்டார விளையாட்டு ஒளிபரப்பும் முடங்கும்.

இந்த இடத்தில் யூடியூப் டிவி பாராட்டத் தக்கது. 2025 ஜனவரியில் மாதம் 82.99 டாலராக ஏறியது கசப்புதான், ஆனால் இருப்பிடத்தைத் திருத்த ஒழுங்கான வழி வைத்திருக்கிறார்கள். டிவி ஆப்பில் செட்டிங்ஸ், ஏரியா, கரண்ட் பிளேபேக் ஏரியா என்று போய் அப்டேட்டை அழுத்துங்கள். பிறகு மொபைல் பிரவுசரில் டிவி.யூடியூப்.காம்/வெரிஃபை பக்கத்தை, டிவியில் இருக்கும் அதே கணக்கில் திறந்து லொகேஷன் அனுமதி கொடுங்கள். போனின் ஜி.பி.எஸ். சொல்லும் ஊரை டிவி ஏற்றுக்கொள்ளும். பலருக்கு இது தோற்பது இரண்டு காரணங்களால்: பிரவுசருக்கு லொகேஷன் அனுமதி இல்லாதது, போனில் விபிஎன் (ஐ.பி. முகவரியை மறைத்து வேறொன்றைக் காட்டும் செயலி) ஓடிக்கொண்டிருப்பது. ஐ.பி. முகவரி மாறும்போது மறுபடி செய்ய வேண்டியிருக்கும். தொல்லைதான், ஆனால் ஒரு நிமிட வேலை. அவசரத்தில் ஹோம் ஏரியாவை (உங்கள் வீடு இருப்பதாகப் பதிந்த பகுதி) தொட வேண்டாம். அதை மாற்ற எண்ணிக்கை வரம்பு உண்டு, பிளேபேக் ஏரியா வேறு, அது வேறு.

ஹுலு லைவ் டிவியை இந்த இணைப்பில் வாங்கவே வேண்டாம். மொபைல் அல்லாத வீட்டு நெட்வொர்க் வேண்டும் என்பது அவர்களின் விதி. டிவியும் ஸ்டிக்கும் அந்த ஒரே நெட்வொர்க்கோடு கட்டப்பட்டவை. ஐ.பி. மாறியதும் நீங்கள் வீடு மாறிவிட்டதாக ஹுலு நினைக்கும். ஹோம் லொகேஷனை ஆண்டுக்கு 4 முறைதான் மாற்றலாம். செல்லுலார் இணைப்பில் அந்த நான்கும் எத்தனை நாளைக்கு வரும்? நேரலை வேண்டாம், வெறும் ஹுலு போதும் என்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

கேட்வேயை அணைத்துப் போட்டால் வேறு முகவரி கிடைத்து சரியாகலாம், ஆனால் நிலைக்கும் என்று சொல்ல முடியாது. விபிஎன் அதைவிட மோசம்: டேட்டா சென்டர் முகவரிகளை இந்தச் சேவைகள் தேடிப்பிடித்துத் தடுக்கின்றன, வேகமும் குறையும்.

உள்ளூர் சேனல்தான் முக்கியம் என்றால் ஆன்டெனா வாங்குங்கள். அமெரிக்க அரசின் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் தளத்தில் உள்ள டிடிவி (டிஜிட்டல் டிவி) வரைபடத்தில் வீட்டு முகவரியைக் கொடுத்தால் எந்த நிலையம் எந்தத் திசையில், எவ்வளவு பலமாக வரும் என்று காட்டும். ஜன்னலோரம் டிவி நிலைய டவர் பக்கமாக வைத்து, டிவியின் கோஆக்ஸ் துளையில் (ஆன்டெனா வயருக்கான துளை) செருகி, சேனல் ஸ்கேன் ஓட்டினால் போதும். மாதச் சந்தா கிடையாது; ஐ.பி. எந்த ஊரைக் காட்டினாலும் அதற்குக் கவலையில்லை.