கானாங்கெளுத்திக்கு இறகுத் தூண்டிலா, உலோகத் தகடா?

வட அட்லாண்டிக்கின் குளிர்நீரில், கோடையில் கரையோரம் கூட்டமாக வரும் கானாங்கெளுத்திக்கு எதைக் கட்டுவது?

வேகம்: இறகுத் தூண்டிலில் ஒரே நரம்பில் (தூண்டில் நூலில்) இறகு கட்டிய 3 முதல் 6 முள். கூட்டம் சிக்கினால் ஒரே இழுப்பில் நாலைந்து மீன். தகடு என்பது சின்ன மீன்போல மின்னும் உலோகத் துண்டு; அதில் ஒன்றுதான்.

சிக்கல்: இறகு தோற்பது இங்கேதான். ஆளுக்கொரு பக்கமாக மீன் ஓட, நரம்பு முடிச்சு முடிச்சாகிவிடும். அப்புறம் மிச்ச முள் நம் கையில் ஏறும்!

ஆழம்: இந்த மீனுக்கு, மிதக்க உதவும் காற்றுப்பை கிடையாது, அதனால் சட்டென மேலும் கீழும் போகும். எதைக் கட்டினாலும் ஆழம் மாற்றி மாற்றித் தேட வேண்டும்.

செலவு: பெரிய வித்தியாசமில்லை.

படகிலிருந்து இரைமீன் சேர்க்க இறகு. பாறையிலிருந்து தூரம் வீசி, மெல்லிய தூண்டில் கோலில் மீனின் இழுப்பை ரசிக்க 20 முதல் 30 கிராம் தகடு. எனக்குத் தகடுதான் பிடிக்கும்.