மணிக்கட்டில் அரிப்பு: எந்தப் பட்டைக்கு மாறுவது?

ஃபிட்னஸ் பேண்ட் கட்டிய இடம் சிவந்து அரிக்கத் தொடங்கினால் பெரும்பாலானோர் முதலில் யோசிப்பது பட்டையை மாற்றுவதைப் பற்றித்தான். நல்ல யோசனைதான். ஆனால் எதற்கு மாறுவது என்று விசாரித்தால் ஆளுக்கொரு பதில் வரும். ஒருவருக்கு நைலான் கைகொடுத்திருக்கும், இன்னொருவருக்கு அதே நைலானே வினையாகியிருக்கும். சிலிக்கானைத் திட்டித் தீர்ப்பவரும் உண்டு, அதைத் தவிர வேறெதுவும் ஒத்துக்கொள்வதில்லை என்பவரும் உண்டு. யாரும் பொய் சொல்லவில்லை. எல்லோருடைய கையிலும் சிவப்பு ஒரே மாதிரி தெரிந்தாலும் உள்ளே நடக்கும் கோளாறு வேறு வேறு.

பெரும்பாலும் அது இரண்டில் ஒன்று. முதலாவது வெறும் எரிச்சல். வியர்வை, சோப்பு மிச்சம், உரசல், அழுத்தம் எல்லாம் சேர்ந்து சருமத்தின் மேல்படலத்தை நைந்துபோக வைப்பது. இது யாருக்கும் வரலாம். இரண்டாவது ஒவ்வாமை. நிக்கல், குரோமியம், அக்ரிலேட் வகைப் பசை என்று ஏதோ ஒரு பொருளை உடம்பின் நோயெதிர்ப்பு அமைப்பு எதிரியாகக் குறித்துவைத்துக்கொண்டு, அது படும்போதெல்லாம் சீறுவது. இது எல்லோருக்கும் வராது, வந்தவரை லேசில் விடாது. இந்தப் பிரிவினையை விட்டுவிட்டுப் பட்டைகளை ஒப்பிட்டால் கணக்கு தப்பிவிடும். முதல் கோளாறுக்கு ஆகாத பட்டை இரண்டாவதற்கு நல்ல பட்டையாக இருக்கலாம், அங்கே நல்லது இங்கே ஆகாததாக இருக்கலாம்.

எது உங்களுடையது என்று ஓரளவு கையே சொல்லிவிடும். சிவப்பு பட்டையின் அகலத்துக்குச் சுற்றிலும் பரவியிருந்தாலோ, அடியில் சென்சார் புடைத்திருக்கும் இடத்தில் மட்டும் இருந்தாலோ, கழற்றி வைத்த ஓரிரு நாளில் அடங்கினாலோ எரிச்சலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சென்சாரின் பச்சை ஒளியைக் குறை சொல்பவர்கள் உண்டு. அந்த இடத்தில் வழக்கமாக வேலையைக் காட்டுவது ஈரமும் அழுத்தமும்தான். மாறாக, கொக்கி படும் இடத்தில் மட்டும், அல்லது சார்ஜ் ஏற்றும் உலோகப் புள்ளிகள் படும் இடத்தில் மட்டும், பொடிப் பொடியான கொப்புளங்களும் தாங்க முடியாத அரிப்புமாக வந்தால் ஒவ்வாமையைச் சந்தேகிக்கலாம். ஏற்கெனவே ஒவ்வாமை பதிந்த உடம்பு, பொருள் பட்டு ஒன்று முதல் மூன்று நாளுக்குள் எதிர்வினை காட்டும். கழற்றிய பிறகும் அரிப்பு ஏறிக்கொண்டே போவது அதனால்தான். மலிவான கம்மல் போட்டுக் காது புண்ணானவர், ஜீன்ஸ் பொத்தான் பட்டு வயிற்றில் அரித்தவர் என்றால் நிக்கல் மேல்தான் முதல் சந்தேகம்.

ஒவ்வாமையெல்லாம் அபூர்வம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2014-இல் ஃபிட்பிட் நிறுவனம் தன் ‘ஃபோர்ஸ்’ பேண்டைச் சந்தையிலிருந்தே திரும்பப் பெற்றது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 10 லட்சம் பேண்டுகள். சருமம் பாதித்ததாக சுமார் 9,900 புகார்கள், கொப்புளம் வந்ததாக சுமார் 250. ஸ்டீலில் இருக்கும் நிக்கலோ, பட்டையின் பொருளோ, பாகங்களை ஒட்டிய பசையோ காரணமாக இருக்கலாம் என்றது நிறுவனம். அதே நிறுவனம் 2022-இல் ‘ஐயானிக்’ கடிகாரத்தையும் திரும்பப் பெற்றது, ஆனால் அது பேட்டரி சூடாகிச் சுட்ட விவகாரம். கருவி கையில் சுட்டால் பட்டை ஆராய்ச்சியெல்லாம் அப்புறம், முதலில் கழற்றுங்கள்.

சிலிக்கானா, நைலானா?

பெரும்பாலான பேண்டுகளோடு வருவது சிலிக்கான். பொருளாகப் பார்த்தால் இது சாது. மருத்துவக் குழாய்களுக்கே பயன்படுகிறது, சிலிக்கானுக்கே ஒவ்வாமை என்பது மிக அரிது. இதன் குற்றம் வேறு: காற்றை விடாது, வியர்வையை வெளியே போக விடாது. கட்டியிருக்கும் வரை அடியில் இருக்கும் சருமம் ஊறிக்கொண்டே இருக்கும். வியர்வைத் துளைகள் அடைபட்டால் அதே இடத்தில் வேர்க்குரு.

சில வாரம் கழுவாமல் கட்டிய சிலிக்கான் பட்டையைத் திருப்பிப் பாருங்கள். துளைகளின் விளிம்பிலும், பட்டை கருவியோடு சேரும் இடுக்கிலும் வெளிறிய பசை மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும். செத்த சருமம், வியர்வை உப்பு, சோப்பு, சன்ஸ்கிரீன் எல்லாம் கலந்தது அது. நகத்தால் சுரண்டினால் சுருண்டு வரும். தண்ணீர் பட்டால் வழவழவென்று ஆகிவிடும். குளிக்கும்போது கழற்றாதவர் தினமும் இதைத்தான் கரைத்து மணிக்கட்டில் பூசிக்கொள்கிறார். பட்டைகளில் கிருமி எவ்வளவு என்று ஃப்ளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழகத்தினர் 2023-இல் வெளியிட்ட ஆய்விலும் ரப்பர், பிளாஸ்டிக் பட்டைகளில் அதிகமாகவும், தங்கம், வெள்ளியில் மிகக் குறைவாகவும் இருந்தது. ஆனால் சிலிக்கானுக்குச் சாதகமாக ஒன்று சொல்ல வேண்டும்: கழுவித் துடைத்தால் அரை நிமிடத்தில் உலர்ந்துவிடும், எதையும் உள்ளே உறிஞ்சி வைத்துக்கொள்ளாது.

நைலான் இதற்கு நேர் எதிர். பின்னல் வழியாகக் காற்று போகும், வியர்வை ஆவியாகும். வெல்க்ரோ போல ஒட்டிப் பிரிக்கும் வகை நைலானில் துளைக் கணக்கே இல்லை, கைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுக்கு இறுக்கலாம். இது சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் துளை உள்ள பட்டையில் ஒன்று தொளதொளவென்றும் அடுத்தது இறுக்கமாகவும் இருக்க, இதயத்துடிப்பு சரியாகப் பதிய வேண்டுமே என்று இறுக்கமானதையே தேர்ந்தெடுத்துச் சருமத்தைக் கெடுத்துக்கொள்பவர்கள் ஏராளம். நைலானின் சிக்கல் தண்ணீர். குளித்துவிட்டு வந்து தொட்டால் மேலே காய்ந்த மாதிரி இருக்கும், கட்டைவிரலால் அழுத்தினால் ஈரம் கசியும். அந்த ஈரத்தோடு சோப்பும் உள்ளேயே நிற்கும். ஈரத் துணியை நாள் முழுக்க மணிக்கட்டில் சுற்றி வைத்திருப்பது போலத்தான்.

ஆக, வியர்வையால் எரிச்சல் வருபவருக்கு நைலான், தண்ணீரில் கை வைத்தே பிழைப்பவருக்குச் சிலிக்கான் என்பது என் தீர்ப்பு. செவிலியர், சமையல் வேலை செய்பவர், அடிக்கடி கை கழுவ வேண்டியவர் யாரும் நைலானைக் கட்டிக்கொண்டு அவதிப்பட வேண்டாம். இரண்டும் வைத்திருக்க முடிந்தால் இன்னும் நல்லது: உடற்பயிற்சிக்குச் சிலிக்கான், முடிந்ததும் கழுவிக் காய வைத்துவிட்டு, தூங்கும்போது உலர்ந்த நைலான். உடற்பயிற்சிக்கு ஒரு துளை இறுக்கினால், முடிந்ததும் தளர்த்த மறக்கக் கூடாது.

சிலிக்கானுக்கு மேம்பட்ட வடிவம் என்று விற்கப்படும் ஃப்ளூரோஎலாஸ்டோமர் பட்டை தொடுவதற்கு இதமானது, தூசி ஒட்டாது, எண்ணெய் பிசுக்கைத் தாங்கும். வியர்வையை அடைத்து வைப்பதில் சிலிக்கானுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. அரிப்புக்குத் தீர்வாக அதை வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தவிர, 2024 இறுதியில் நோட்டர் டேம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 22 பட்டைகளைச் சோதித்ததில், ஃப்ளூரின் சேர்ந்த பட்டைகள் பலவற்றில் எளிதில் சிதையாத ‘நிரந்தர ரசாயன’ வகையைச் சேர்ந்த ஒரு சேர்மம் அதிக அளவில் இருந்தது. அரிப்புக்கும் அதற்கும் தொடர்பு கிடையாது என்றாலும், வாங்குமுன் தெரிந்துகொள்வது நல்லது.

உலோகம்: ஸ்டீலா, டைட்டானியமா?

எரிச்சல் மட்டும்தான் பிரச்சினை என்றால் மெல்லிய ஸ்டீல் வலைப் பட்டையை அடித்துக்கொள்ள ஆளில்லை. காற்று போகும், உடனே உலரும், அழுக்கு தங்குவதும் குறைவு. கை முடியை அவ்வப்போது பிடித்து இழுக்கும், அது ஒரு தொல்லை.

நிக்கல் ஒவ்வாமை என்றால் கதை மாறுகிறது. கடிகாரங்களில் பரவலாக வரும் 316எல் ஸ்டீலில் 10 முதல் 14 சதவீதம் வரை நிக்கல் உண்டு. ‘சர்ஜிக்கல் ஸ்டீல்’ என்ற பெயரைப் பார்த்து நிக்கல் இல்லாதது என்று நினைப்பது தப்பு. நல்ல 316எல் அந்த நிக்கலைப் பெரும்பாலும் தனக்குள்ளேயே பிடித்துவைத்துக்கொள்ளும், வெளியே விடுவது மிகக் கொஞ்சம். எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எவ்வளவு வெளியேறுகிறது என்பதுதான் முக்கியம். சருமத்தில் நெடுநேரம் படும் பொருளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் வரம்பும் அப்படித்தான்: சதுர சென்டிமீட்டருக்கு வாரத்துக்கு 0.5 மைக்ரோகிராம். பெயர் தெரியாத தயாரிப்பில் முலாம் தேய்ந்து, அடியில் இருக்கும் உலோகம் வியர்வை உப்பில் கரையும்போதுதான் ஆபத்து. சந்தேகம் இருந்தால் டைமெத்தில்கிளையாக்சைம் சோதனை எளிது. மருந்தில் நனைத்த பஞ்சால் தேய்த்துப் பார்க்க, இளஞ்சிவப்பாக மாறினால் நிக்கல் வெளியேறுகிறது என்று அர்த்தம்.

நிக்கல் ஆகாதவர் ஸ்டீலின் தரத்தை ஆராய்ந்துகொண்டிருப்பதைவிட டைட்டானியத்துக்குப் போய்விடலாம். கடிகாரங்களில் வரும் தரங்களில் நிக்கல் கலப்பதில்லை. ஆனால் பட்டை டைட்டானியம், கொக்கியும் ஊசியும் வேறு உலோகம் என்று இருந்தால் பயனில்லை, மூன்றையும் பாருங்கள். செலவு வேண்டாம் என்றால் உலோகக் கொக்கியே இல்லாத சிலிக்கானோ நைலானோ போதும். சிலிக்கான் ‘நல்ல பிள்ளை’ ஆகும் இடம் இதுதான்.

லெதர் பட்டை பார்க்க அழகு. வியர்வையோடு அதற்கு ஆகாது, கழுவவும் முடியாது. பதனிடப் பயன்படும் குரோமியம் சிலருக்கு ஒவ்வாமை தரும். இதனால்தான் சருமத்தில் படும் லெதரில் ஆறாம் நிலைக் குரோமியத்துக்கு ஐரோப்பாவில் 2015 முதல் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்று வரம்பு இருக்கிறது. விசேஷத்துக்குக் கட்டலாம், ஓடப் போகும்போது வேண்டாம்.

மணிக்கட்டையே விட்டால்?

பட்டை மாற்றியும் கருவியின் அடிப்பாகம் படும் இடம் மட்டும் அடங்காவிட்டால், பட்டையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பாகங்களை ஒட்டும் அக்ரிலேட் பசை மிச்சம் சிலருக்குக் கொஞ்சமும் ஒத்துக்கொள்வதில்லை. சர்க்கரை அளவைத் தொடர்ந்து காட்டும் சென்சார்களில் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஐசோபார்னைல் அக்ரிலேட் பலருக்கு ஒவ்வாமை தந்ததால், அமெரிக்கத் தொடு ஒவ்வாமைச் சங்கம் அதை 2020-இன் ‘ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்று அறிவித்தது.

அப்போது மாற்று என்ன? ஸ்மார்ட் மோதிரம் என்பார்கள். பெரும்பாலும் டைட்டானியம், பட்டையே இல்லை, கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மோதிரத்தடியில் சோப்பும் தண்ணீரும் தங்கிச் சருமம் வெடிப்பது மோதிரம் போட்ட காலத்திலிருந்தே இருக்கிற தொந்தரவு. எரிச்சல்காரருக்கு அது மணிக்கட்டுத் தொல்லையை விரலுக்கு மாற்றுவதுதான். நெஞ்சுப் பட்டை இதயத்துடிப்பை மற்ற எல்லாவற்றையும்விடத் துல்லியமாகப் பிடிக்கும், ஆனால் மின்முனைகள் ஈரமாக இருந்தால்தான் வேலை செய்யும், நீண்ட ஓட்டத்தில் உரசியே புண்ணாக்கும். எனக்குப் பிடித்தது மேல்கையில் கட்டும் ஒளி சென்சார் பட்டை. கை கழுவும் தண்ணீர் அங்கே வராது, துணிப் பட்டை மென்மை, பயிற்சி முடிந்ததும் கழற்றிவிடுவோம். தூக்கக் கணக்கு கிடைக்காது, சரி. சருமத்தில் எதுவுமே படக் கூடாது என்றால் இடுப்பில் செருகும் நடைமானி இருக்கிறது, துடிப்பு மட்டும் தெரியாது.

இரண்டு மூன்று வாரம் எதையும் கட்டாமல் இருந்தும் ஆறவில்லை, அல்லது கட்டும்போதெல்லாம் கொப்புளம் வருகிறது என்றால் சரும மருத்துவரிடம் ஒட்டுச் சோதனை செய்துகொள்வது நல்லது. சந்தேகப் பொருள்களை முதுகில் 48 மணி நேரம் ஒட்டிவைத்து, எடுத்ததும் ஒரு முறையும், ஓரிரு நாள் கழித்து இன்னொரு முறையும் பார்ப்பார்கள். போகும்போது பேண்ட், பட்டை, கொக்கி மூன்றையும் எடுத்துப் போங்கள். முதுகில் ஸ்டீராய்டு களிம்பு ஏதாவது தடவியிருந்தால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், அது முடிவை மறைத்துவிடும்.